உள்ளங்கையில் வைத்த முள்

சமாதான காலத்தில் துணுக்காய்ப் பக்கம் பிரசவம் பார்க்கிற ஒரு மருத்துவமாது மவுண்டன் சைக்கிளில் வருவார். மெலிந்த உடம்பு. டயருக்குள் இன்னொரு பழைய டயரை வெட்டி வைத்திருந்தார். அப்படியும் காற்றுப் போகும். வேலி அடைக்கிற சனியன்கள் விடத்தல் முள்ளைத் தெருவிலேயே விட்டுவிடும். அவர் இறங்கி, கொப்பு கொப்பாகப் பொறுக்கி, அவரவர் வளவுக்குள்ளேயே எறிவார்.

ஒருநாள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மகளுக்குப் பிரசவ நோ. மருத்துவமாது காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இவ்வளவு நேரமோ, மிஸ்ஸி?" என்று வீட்டுக்காரர் பாய்ந்தார்.

டயரிலிருந்து பிடுங்கிய முள்ளை மருத்துவமாது அந்த மனிதரின் உள்ளங்கையில் வைத்தார்.

"உங்கட தோட்ட வேலி முள்ளு. மிச்சத்தைப் போய்ப் பொறுக்குங்கோ. நான் பிள்ளையைப் பாக்கிறன்."

பேரன் பிறந்து அழுதபோது அந்த ஆள் தோட்டத்தடியில் குனிந்து நின்றார்.

நானென்றால் அந்த முள்ளை அழுத்தியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் வைத்தார்.