ரயிலில்தான் வருவேன் என்றேன்

கொரோனா வருவதற்கு முந்தின வருஷம், எங்கள் ஏற்காட்டு மலையில் காப்பிப் பழம் பறித்து முடிந்த கையோடு, நானும் என் வீட்டுக்காரரும் வியன்னாவுக்குப் போனோம். எங்கள் ஒரே மகன் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். பேரனை வந்து பாருங்கள் என்று டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தான்.

நான் வாழவந்தி பக்கம் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவள். ஐரோப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அங்கே பிராக் என்று ஒரு ஊர் இருக்கிறது, அந்த ஊர்க் கோயிலில் குழந்தை இயேசுவின் மூலச் சொரூபம் இருக்கிறது. கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாமல், நானும் அவரும் வியாழக்கிழமை தவறாமல் மலையிறங்கி, குழந்தை இயேசுவுக்கு நவநாள் ஜெபம் சொல்லித்தான் இந்த மகனைப் பெற்றோம். டிக்கெட் வந்த அன்றைக்கே என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: "ரெண்டு பேரும் சேந்து போயி அவரு முன்னால முட்டி போடோணும் புள்ள."

அவர் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். ஆட்களுக்குப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிறவர். மழையிலும் சட்டை மடிப்புக் கலையாமல் நிற்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குச் சர்க்கரை வந்தபிறகு சிறுநீரை அடக்க முடியாமல் போய்விட்டது. இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. இது ஒரு வியாதி, திருட்டு இல்லை.

ஊரில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. எங்கள் பக்கம் ஓடின பஸ்ஸின் டிரைவர் ஒருத்தர் இருந்தார். சேலத்துக்கு இறங்கும்போது ஒரு வளைவில் ஓரங்கட்டி, கீழே இறங்கி, டயரை ஒரு உதை உதைப்பார். "காத்து கம்மியா இருக்காப்புல தெரியுது. எறங்கறவங்க எறங்குங்க" என்பார். காற்றெல்லாம் கெட்டியாகத்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் இறங்கி மரத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்து, ஏறுகிறதுக்கு முன்னால் தானும் டயரை ஒரு உதை உதைப்பார். இரண்டு பேரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

வியன்னாவுக்குப் போன கொஞ்ச நாளில் மகன் எங்களை புடாபெஸ்ட் என்ற ஊருக்குக் கூட்டிப் போனான். ஷட்டிலில் போனோம். ஷட்டில் என்றால் வேறொன்றுமில்லை, வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு, அடுத்த ஊரில் ரூம் வாசலிலேயே இறக்கிவிடுகிற வேன். எங்களோடு முன்பின் தெரியாத நாலைந்து பேர். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பாதி வழியில் இவர் என் கையைப் பிடித்தார். அந்தக் குளிரிலும் கை வேர்த்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. முன் சீட்டில் இருந்த மகனைத் தட்டி, "கண்ணு, வண்டிய நிறுத்தச் சொல்லு" என்றேன்.

"ஏம்மா?"

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். "எனக்கு வவுத்தப் பெரட்டுது" என்றேன்.

"இருபது கொண்டை ஊசி வளைவுல வராத வாந்தி, இந்த நேர் ரோட்டுல வருதாம்மா உங்களுக்கு?" என்று சிரித்தான். டிரைவர் நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த ரோட்டில் நிறுத்தக் கூடாதாம். அடுத்த பெட்ரோல் பங்கில்தான் நிறுத்த முடியும் என்று ஒரு பிளாஸ்டிக் பையைப் பின்னால் நீட்டினார். வராத வாந்திக்கு வாயில் பையைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் ஒரு பக்கம்.

பெட்ரோல் பங்க் வந்தது. அங்கே கழிப்பறை வாசலில் காசு போட்டால்தான் சுழலுகிற கம்பி. எங்கள் இரண்டு பேர் கையிலும் காசு இல்லை; மகன் எனக்குத் தண்ணீர் வாங்கக் கடைக்குள் போயிருந்தான். "குனிஞ்சு போங்க, ஆரும் பாக்கல" என்றேன். நூறு ஆளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றவர், அந்தக் கம்பிக்கு அடியில் குனிந்தார். பாதி குனிந்தபடியே நின்றுவிட்டார். அதற்கு மேல் போக வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஓவர்கோட்டை மேலிருந்து கீழ்வரை பட்டன் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக் கடையில்கூடக் கழற்றவில்லை. "நொம்பக் குளுருதுங்களாப்பா?" என்று மகன் கேட்டான். "ஆமா சாமி" என்றார். சாயங்காலம் ரூமில் பேன்ட்டைத் தானே துவைத்தார். என்னைத் தொடவிடவில்லை.

அதற்கப்புறம் வெளியே கிளம்புகிற நாளில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். திரும்பி வரும்போதும் அப்படித்தான் உதடு காய்ந்து வந்து சேர்ந்தார்.

இந்த நிலைமையில்தான் மகன் பிராக் போக ஏற்பாடு செய்தான். மறுபடியும் ஷட்டில். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க சாமி. எனக்குக் காலு வலி, நான் ஊட்டுல இருந்துக்கறேன்" என்றார்.

நான் அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டேன். "ஏனுங்க, அந்த வேனுதானே?"

"உடு புள்ள."

"பையங்கிட்டச் சொல்லட்டுமா?"

"சொன்னீன்னா நான் நாளைக்கே ஊருக்குப் பிளேன் ஏறிருவேன்."

ஏறவும் செய்வார். அவர் சுபாவம் அப்படி. ஆனால் எத்தனை வருஷத்து நேர்த்திக்கடன் இது! ஒரு வேனுக்குப் பயந்து இவர் வீட்டில் உட்காருவதும், நான் மட்டும் போய் முட்டி போடுவதும் நடக்கிற காரியமா? நேரே ஹாலுக்குப் போனேன்.

"நாம ரயில்லதான் போறோம்" என்றேன்.

"புக் பண்ணியாச்சும்மா."

"கேன்சல் பண்ணு."

"எதுக்கு?"

"எனக்கு வேடிக்கை பாக்கோணும்."

மருமகள் பொறுமையான பெண். எடுத்துச் சொன்னாள். ரயில் என்றால் டிராம் பிடித்து ஸ்டேஷன் போக வேண்டும். பிளாட்பாரம் தேட வேண்டும். குழந்தையின் தள்ளுவண்டி, பை, பால் புட்டி எல்லாவற்றையும் ஏற்றி இறக்க வேண்டும். அந்த ஊரில் இறங்கி மறுபடியும் டிராம். ஷட்டில் என்றால் வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம். "நீங்களே சொல்லுங்க அத்தை, எது சௌகரியம்?" என்றாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தள்ளுவண்டிய நான் தூக்கறேன். காப்பி மூட்டை தூக்கின தோளு இது" என்றேன்.

மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பா கால் வலின்னு வரவே இல்லைங்கறாரு. நீங்க உங்க வேடிக்கைதான் பெருசுன்னு நிக்கறீங்க. இந்த ஊரு நெலவரம் உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது. ஆனா அப்பா வருவாரு. ரயில்னா வருவாரு. நான் அந்த வேன்ல ஏறமாட்டேன். கையக் காலக் கட்டித் தூக்கிப் போட்டாத்தான் உண்டு."

சொல்லிவிட்டு சோபாவில் உட்கார்ந்து ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். குழந்தை இயேசு முன்னால் போய் நிற்கப் போகிறவள் இப்படிப் பொய் சொல்லலாமா? சொன்னேன். அதை ஆண்டவரிடமே நேரில் பேசிக்கொள்கிறேன் என்று இருந்துவிட்டேன்.

அன்று பூராவும் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. மறுநாள் மகன் கம்ப்யூட்டரைத் திறந்து, "சரி, ரயில். சீட்டு எங்க வேணும்?" என்று முறைப்பாகக் கேட்டான்.

"கடைசிக் கதவோரமா. பாத்ரூம் பக்கமா" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு வந்துவிட்டது.

"வேடிக்கை பாக்கறவங்க ஜன்னலோரமில்ல கேக்கோணும்?"

நான் ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தேன். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் டிக்கெட் போட்டு முடிக்கிறவரைக்கும் இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தான்.

ரயிலில் ஏறினோம். சொன்னபடியே தள்ளுவண்டியை நான்தான் தூக்கி ஏற்றினேன். எங்கள் சீட்டிலிருந்து எட்டும் தூரத்தில்தான் கழிப்பறை. வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் இவர் எழுந்து போனார். கையைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகத் திரும்பி வந்தார். ஓவர்கோட்டைக் கழற்றி மேலே வைத்தார். தள்ளுவண்டியில் காப்பி கொண்டுவந்த ஆளை அவரே கை காட்டி நிறுத்தினார். ஒரு கப் வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "நம்ம காப்பி மாதிரி இல்ல" என்று குறையும் சொன்னார். குறை சொல்கிறார் என்றால் மனுஷன் சரியாகிவிட்டார் என்று அர்த்தம்.

ஆனால் சோதனை போகுமா? அடுத்த தடவை அவர் எழுந்து போனபோது கழிப்பறைக் கதவு பூட்டியிருந்தது. ரிப்பேர் என்று ஒரு பேப்பர் ஒட்டியிருந்தார்கள் போல. கதவுக்கு முன்னால் நின்றார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். அதே பெட்ரோல் பங்க் முகம். நான் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

அதற்குள் மகன் குழந்தையை என் மடியில் வைத்தான். விறுவிறுவென்று நடந்துபோய், "அப்பா, எனக்குக் காலு மரத்துப் போச்சு. வாங்க, ரெண்டு பேரும் அடுத்த பெட்டி வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்றான். அப்பாவின் தோளில் கையைப் போட்டுக் கூட்டிப் போனான். காற்று கெட்டியாக இருக்கிற டயரை உதைத்துப் பார்த்தாரே, எங்கள் டிரைவர், அவர்தான் என் கண்ணுக்கு முன்னால் நின்றார்.

இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். மகன் எனக்கு எதிரில் உட்கார்ந்தான். என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் வெளியே பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வேடிக்கை பாருங்கம்மா. நல்லாப் பாருங்க" என்றான். குழந்தையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டான்.

பிராக் கோயிலில் குழந்தை இயேசு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முட்டி போட்டோம். எங்கள் பேரனைவிடச் சின்னவராக, பட்டு உடுத்திக்கொண்டு, கிரீடத்தோடு இருந்தார். இவர் முதுகை நிமிர்த்தி, அவசரமே இல்லாமல், முழு நவநாளையும் சொல்லி முடித்தார். நான் என் பங்குக்கு, "ஆண்டவரே, பொய் சொல்லித்தான் இவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். தேவைப்பட்டால் திரும்பிப் போகும்போது இன்னொன்றும் சொல்வேன்" என்று சொன்னேன். தேவைப்படவில்லை. திரும்புகிறதுக்கும் ரயில் டிக்கெட்டை மகனே எடுத்து வைத்திருந்தான், கதவோரச் சீட்டாகப் பார்த்து.

விஷயம் எப்படியோ ஊருக்கு வந்துவிட்டது. சீமைக்குப் போயும் ரயிலுக்கு அடம் பிடித்தவள் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கல்யாண வீட்டில் என்னை வைத்துச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன், காரணம் சொன்னதில்லை. இப்போது இதை எழுதுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் முற்றத்தில் காய்ந்த காப்பிக் கொட்டையைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். "எழுது புள்ள. பேரு மட்டும் போடாத. என்னாட்டம் எத்தன பேரு தண்ணி குடிக்காம உக்காந்துட்டு இருக்காங்களோ" என்றார்.

அதனால் எழுதிவிட்டேன். மானத்துக்குப் பயந்து ஒருத்தர் வாயை மூடிக்கொண்டால், பக்கத்தில் இருக்கிறவர் வாயைத் திறந்து அடம் பிடிக்கத்தான் வேண்டும். அடம் பிடித்தவள் என்ற அந்தப் பேர் நான் கண்ணை மூடுகிறவரைக்கும் எனக்கே இருந்துவிட்டுப் போகட்டும்.