ஈப்போவிலிருந்து வந்த அதிகாரம்

மாமா எழுதிய பத்திரத்தில் ஓட்டை இருக்காது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். அப்படியே இருந்தாலும் அதை அடைக்க அவருக்கு ஒரு வழி தெரிந்திருக்கும் என்றும் நம்பினோம். பிற்காலத்தில் யோசிக்கும்போது, அந்த இரண்டாவது நம்பிக்கைதான் என்னை அன்று வெயிலில் ஓடவைத்தது என்று தோன்றுகிறது.

மாமா என் அம்மாவின் தம்பி. திருப்பூர் ரயிலடிக்கு அருகில் பத்திர எழுத்தராக இருந்தார். மலேயாவிலும் கொழும்பிலும் குடியேறிவிட்ட எங்கள் பக்கத்துக்காரர்கள் அவருக்குத்தான் எழுதிக் கேட்பார்கள். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிய பிறகு பொங்கலூரில் இருக்கும் தோட்டம் தன் பெயரில் நிற்குமா? ஊரில் விட்டுவந்த காரைத் தங்கை மகன் ஓட்டி யார்மீதாவது மோதினால் வழக்கு யாரைத் தேடி வரும்? அத்தனைக்கும் பதிலை மாமா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள் நான். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. “கடல் தாண்டி இருக்கறவிய காருக்கெல்லாம் இவன் நாயம் சொல்றான். இவங்கிட்ட இருக்கறது செயின் கழர்ற சைக்கிளு ஒண்ணு” என்று அம்மா கேலி செய்வாள்.

அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பத்தி எனக்கு மனப்பாடம். வெளிநாட்டில் இருப்பவர் தமக்காக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுப்பதானால், அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரியின் முன் எழுதிக்கொடுக்க வேண்டும். தாள் இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிட வேண்டும். கொடுத்தவர் இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகு அதை வைத்து எதிலும் கையெழுத்திடக் கூடாது. பலரும் அந்த அதிகாரப் பத்திரத்தைச் சுருக்கமாகப் ‘பவர்’ என்பார்கள்.

அப்படி ஒரு பவர் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, மலேயாவின் ஈப்போவில் கடை வைத்திருந்தார். அங்கே ஒரு சீனப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார் என்பதற்காக எங்கள் குடும்பம் அவருடைய படத்தைக்கூடச் சுவரிலிருந்து கழற்றியிருந்தது. ஆனால் அவர் சம்பாத்தியத்தில், அவர் பெயரில் வாங்கிய இடத்தில்தான் அப்பா கொட்டகை போட்டு ஆறு பனியன் மெஷின்களை ஓட்டிக்கொண்டிருந்தார். ‘அந்த இடத்தை உன் மனைவி பெயருக்கே மாற்றிக்கொள்’ என்று பெரியப்பா அப்பாவுக்குக் கடிதம் எழுதி, தமக்காக மாமா கையெழுத்திடும்படி பவரும் அனுப்பினார். அது வந்தபோது ஆனி முடியும் தறுவாய். ஆடியில் யாராவது பத்திரம் பதிவு செய்வார்களா? ஒரு மாதம் காத்திருந்தோம். ஆவணி முதல் வெள்ளி குறித்தாயிற்று. காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை இராகு காலம்; அதன் பிறகு கையெழுத்து.

தந்தி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தது. அப்பாவும் மாமாவும் அதற்குள் பதிவு அலுவலகம் போய்விட்டார்கள். வீட்டில் இருந்தவர்களில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெரியப்பா முந்தைய இரவு மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அழவில்லை. வாசற்கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

“போனவரு இன்னும் ஒரு மணி நேரங்கழிச்சும் போனவருதான் கண்ணு. கையெழுத்து ஆகட்டும். அப்பறம் சேந்து அழுவோம்.”

“மாமாவுக்குத் தெரியோணுமுங்மா.”

“அவனுக்குத் தெரிஞ்சா ஆறு மெஷினையும் தெருவுல வெக்கோணும். சொன்னாக் கேளு சாமி.”

சட்டம் படிக்காத அம்மா அன்று சட்டத்தைச் சரியாகவே கணித்திருந்தாள். தெரியாமல் போட்ட கையெழுத்து ஒருவேளை நின்றிருக்கும்; தெரிந்து போட்டால் அது பொய். அந்த வரியை நூறு முறை தட்டச்சு செய்த நான் அதை அப்போது நினைக்கவே இல்லை. மாமாவிடம் தாளைக் கொடுத்துவிட்டால் அவர் ஏதாவது செய்வார் என்று மட்டுமே நினைத்தேன். அம்மா அடுப்பை அணைக்க உள்ளே போன நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

பதிவு அலுவலகத்து வேப்பமரத்தடியில் அப்பா சலவை வேட்டியில் நின்றிருந்தார். சாட்சிகள் இருவரும் டீக்கடைக்குப் போயிருந்தார்கள். மாமா தந்தியை இரண்டு முறை வாசித்தார். பிறகு அப்பாவின் தோளைப் பிடித்துப் படியில் உட்காரவைத்துச் செய்தியைச் சொன்னார். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் குலுங்கினார். அண்ணன் தோளில் ஏறித் தேர் பார்த்த கதையை எத்தனையோ முறை எங்களுக்குச் சொன்னவர் அவர். துண்டை எடுத்தபோது உள்ளே சுவர்க்கடிகாரம் பன்னிரண்டு அடித்துக்கொண்டிருந்தது.

“நேரமாச்சு மாப்பிள்ளை. வா, போட்டுரலாம்” என்றார் அப்பா.

மாமா தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“தந்தி சாயங்காலம் வந்துச்சுன்னா யாரு கேக்கப்போறாங்க? எங்கண்ணனே எழுதிக்கச் சொன்ன எடம். மலேயாக்காரனுக்கெல்லாம் வழி சொல்ற வாயி, எனக்குன்னு வந்தா மூடிக்குதா?”

“போடலாமுங்க மச்சான். ரிஜிஸ்டரும் ஆயிரும். நம்ம வூட்டாளுக வாய் தொறக்காட்டி யாருக்கும் தெரியாதுங்க.”

“அப்பறமென்ன?”

“அந்தம்மா ஒரு நாளைக்கு ஈப்போவுல இருந்து எனக்குத்தானுங்க எழுதிக் கேக்கும், எம்பட வூட்டுக்காரரு எடம் என்னாச்சுன்னு. நான் என்னன்னுங்க பதில் போடறது?”

அப்பா அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் நான் யாரிடமும் பேசியதில்லை. மாமா முத்திரைத்தாளை எடுத்து, குறுக்கே ஒரு கோடு இழுத்து, தம் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்பா தனியாக நடந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மாமாவின் அறையில் நான் தட்டச்சு இயந்திரத்தின் முன் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். “நான் வராம இருந்திருக்கோணுமுங்களா மாமா?” என்று கேட்டேன். “வந்துட்டீல்ல கண்ணு. தாளை மாட்டு” என்றார். ஈப்போவில் இருந்த அந்த அம்மாளுக்கு ஆங்கிலத்தில் கடிதம்: இடம் உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் உரியது, திருமணப் பதிவின் நகலும் இறப்புச் சான்றும் வேண்டும், அதில் உங்கள் கொழுந்தனாரின் கொட்டகை இருக்கிறது, உங்கள் கணவர் அதைத் தம்பி குடும்பத்துக்குக் கொடுக்க எண்ணியிருந்தார் என்பதையும் தெரிவிக்கிறேன், முடிவு உங்களுடையது. கடைசி வரியில் என் விரல்கள் இரண்டு முறை தவறின.

மூன்றாம் மாதம் பதில் வந்தது. மகளின் படிப்புக்கு வேறு வழியில்லை, விற்கத்தான் வேண்டும் என்று எழுதி மன்னிப்பும் கேட்டிருந்தார். அடியில் தனி வரியாக, தன் கணவரின் ஊரில் தனக்கு யாராவது எழுதுவார்களா என்று கேட்டிருந்தார். கொட்டகையைப் பிரித்து மெஷின்களை அனுப்பர்பாளையத்தில் ஒரு வாடகை இடத்துக்கு மாட்டுவண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோனோம். ஆறு மூன்றாகி, பிறகு ஒன்றானது. அப்பா மாமாவுடன் அதன் பிறகு பேசவே இல்லை. அம்மா தன் தம்பிக்குச் சோறு போட்டாள். ஆனால் எதிரில் உட்காரவில்லை. அப்பா இறந்த அன்று மாமா தெருமுனையிலேயே நின்று, பாடை கடந்த பிறகு பின்னால் நடந்து வந்தார்.

அந்த அம்மாளின் கடைசி வரிக்கு மாமா பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை நானாக எழுதினேன். முதலில் ‘அம்மையீர்’ என்றும், பிறகு ‘பெரியம்மா’ என்றும் விளித்தேன். இப்போது அப்பா இல்லை, அம்மா இல்லை, மாமாவும் இல்லை. ஈப்போவில் பெரியம்மா இருக்கிறார். இங்கே, அவருக்கு எழுத, நான் இருக்கிறேன்.