சம்பந்தி காலில் போட்ட பிரேக்

நாகையா சம்பந்தியின் காலை மிதித்தது உண்மை. ஓங்கி மிதித்தார். வேண்டுமென்று மிதிக்கவில்லை. இந்த இரண்டையும் அன்று வீட்டில் இருந்த எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் மகளின் நிச்சயத் தட்டு மாற்றும் நேரத்தில் நடந்த காரியத்துக்கு வேண்டுமென்று, வேண்டாமென்று என்ற பாகுபாடு எங்கே இருக்கிறது?

மலேசியாவில் பந்திங்குக்கும் கிள்ளானுக்கும் நடுவே ஓடும் பேருந்தின் ஓட்டுநர் அவர். பருத்த தோள், கத்தரித்த மீசை, எப்போதும் சலவை செய்த சட்டை. இத்தனை வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று மற்ற ஓட்டுநர்கள் கேலியாகவும் பொறாமையாகவும் சொல்வார்கள். அப்படிப்பட்டவருக்குக் கார்ப் பந்தயத்தில் பைத்தியம். கிள்ளானில் அவருடைய வரிசை வீட்டின் கூடத்தில், பந்தயம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேராவது தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பார்கள். லோரி ஓட்டுகிறவர்கள், துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள், பட்டறைக்காரர்கள். மனைவி வள்ளியம்மா கொண்டுவரும் தேநீர் ஆறிப்போகும், வாக்குவாதம் ஆறாது.

வாக்குவாதம் எப்போதும் இரண்டு பேரைப் பற்றித்தான். பிரான்ஸ்காரர் புரோஸ்ட், பிரேசில்காரர் சென்னா. நாகையா புரோஸ்ட் கட்சி. எதிர்க்கட்சித் தலைவர் வள்ளியம்மாவின் தம்பி விஜயன். செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவர். வாயும் லோரி அளவு.

“ஒரே கம்பெனி, ஒரே வண்டி, ஒரே இன்ஜின். எண்பத்தெட்டுல யாரு சாம்பியன்? சொல்லுங்க மாமா. வண்டி மேல பழி போட முடியாதுல்ல?”

“வேகமாப் போறவன் எல்லாம் ஓட்டுநரா? டயரு தேயாம, கியரு உடையாம கொண்டாந்து சேக்கிறான் பாரு, அவன்தான் ஓட்டுநர்.”

“அப்ப நீங்க போய் ஓட்டுங்க லா. பந்திங் பஸ் மாதிரி எல்லா ஸ்டாப்புலயும் நிறுத்தி ஆளு ஏத்திட்டு வருவீங்க.”

கூடம் சிரிக்கும். நாகையாவும் சிரிப்பார். ஆனால் எண்பத்தொன்பதுக்குப் பிறகு அந்தச் சிரிப்பில் கொஞ்சம் முள் ஏறிவிட்டது. அந்த வருடம் ஜப்பானின் சுசூக்காவில் இருவரும் மோதி, பிறகு சென்னா ஓடி முதலில் வந்தும் தகுதி நீக்கப்பட்டு, பட்டம் புரோஸ்ட்டுக்குப் போனது. “உங்க ஆளு வேணும்னே கதவ அடைச்சான்” என்றார் விஜயன். “வளைவு வந்தா வளைக்காம என்ன பண்ணுவான்?” என்றார் நாகையா. ஒரு வருடம் முழுக்க இதே பேச்சு. ஒரு ஓட்டுநர் இன்னொரு ஓட்டுநரைத் தெரிந்தே இடிப்பான் என்பதை நாகையா எந்தக் கட்சிக்காகவும் ஒத்துக்கொள்ளவில்லை. “ஸ்டியரிங்கத் தொட்டவன் எவனும் அதச் செய்ய மாட்டான்டா” என்பது அவருடைய முடிவு.

தொண்ணூறில் மறுபடியும் சுசூக்கா. புரோஸ்ட் இப்போது வேறு கம்பெனியின் சிவப்பு வண்டிக்கு மாறியிருந்தார். புள்ளிகளில் சென்னா முன்னால். இந்தப் பந்தயத்தை வென்றால்தான் புரோஸ்ட்டுக்குப் பட்டம் பற்றிய பேச்சே. அந்த ஞாயிறு தீபாவளி முடிந்து வந்த ஞாயிறு. அதே நாள், அதே நண்பகலில்தான் நாகையாவின் ஒரே மகள் சந்திரகலாவுக்கு நிச்சயதார்த்தம்.

நாளைக் குறித்தது ஐயர். உறவினர் எல்லாம் பண்டிகைக்கு ஊரில் இருந்தார்கள். மாப்பிள்ளை ராதாகிருஷ்ணனுக்கும் ஷா ஆலம் தொழிற்சாலையில் அன்றுதான் விடுப்பு. பந்தயத்துக்காக நாளை மாற்றுங்கள் என்று கேட்கும் துணிச்சல் நாகையாவுக்கு இல்லை. ஏற்கெனவே ஒரு சம்பந்தம் ஜாதகத்தைக் காரணம் காட்டிக் கைநழுவியிருந்தது. இதுவும் நின்றால் பெண்ணிடம்தான் ஏதோ குறை என்று ஊர் பேசும். சந்திரகலா கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அதிகம் பேசாத பெண். ராதாகிருஷ்ணனைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவள் சமையலறையில் பாடியதை வள்ளியம்மா கேட்டிருந்தாள். அது போதாதா?

காலையிலிருந்தே தொலைக்காட்சி அணைந்து கிடந்தது. அதன் எதிரே கோலம், குத்துவிளக்கு, பாய். பந்திங்கிலிருந்து இரண்டு வேன்களில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஜெயராஜ் மெலிந்த, சிரித்த முகம். அம்மா மாரியாயி, வந்ததும் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்து எடைபோட்டுவிட்ட கண்கள்.

நேரம் நெருங்க நெருங்க விஜயன் நிலைகொள்ளவில்லை. நாகையாவின் காதருகே வந்தார்.

“மாமா, படம் மட்டும் ஓடட்டும். சத்தத்தக் கொறச்சிடுறேன்.”

“உங்கக்கா கொன்னுடுவா.”

“அக்கா அடுப்படியில இருக்கு. நானு மூலையில நின்னு பாத்துக்குறேன், நீங்க திரும்பாதீங்க. ஒண்ணு சொல்லட்டா? ரெண்டு பேரும் வெளிய போனாலும் எங்க ஆளுக்குத்தான் கப்பு.”

“வாயக் கழுவு. நல்ல நாளும் அதுவுமா.”

வாயைக் கழுவச் சொன்னாரே தவிர, தொலைக்காட்சியைப் போடாதே என்று நாகையா சொல்லவில்லை. அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஐயர் பத்திரிகை வாசித்து முடித்தார். இரு தகப்பன்மாரும் எழுந்து எதிரெதிரே நின்றார்கள். தட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், புடவை. இந்தத் தட்டு கை மாறினால் நிச்சயம். ஜெயராஜுக்கு முதுகுப் பக்கம் தொலைக்காட்சி. நாகையாவுக்கு அது நேர் எதிரே, சம்பந்தியின் தோளுக்கு மேலே. நாதஸ்வரக் கேசட் ஓடியது. விஜயன் போட்டுவைத்த மௌனமான திரையில் வண்டிகள் கிளம்பின. புரோஸ்ட்டின் சிவப்பு வண்டி முந்திக்கொண்டது. நாகையாவின் முகம் மலர்ந்தது. சம்பந்தி தன்னைப் பார்த்துத்தான் மலர்கிறார் என்று ஜெயராஜும் மலர்ந்தார்.

முதல் வளைவு. சிவப்பு வண்டி வளைந்தது. உள்பக்கம், வழியே இல்லாத இடத்தில், சென்னாவின் வண்டி நுழைந்தது, வேகம் குறையவேயில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு புழுதிக்குள் பறந்தன.

நாகையாவின் வலது கால் தானாக எழுந்து, உடல் பாரம் முழுவதையும் கொண்டு இறங்கியது. பேருந்தை நிறுத்துகிற மிதி. கீழே பிரேக் இல்லை, ஜெயராஜின் வெறும் பாதம் இருந்தது.

“ஐயோ, செத்தான்” என்றார் நாகையா, கூடம் முழுக்கக் கேட்கும்படி.

ஜெயராஜ் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். தட்டு கவிழ்ந்தது. தேங்காய் உருண்டு போய்க் குத்துவிளக்கில் முட்டி நின்றது. யாரும் அசையவில்லை. கேசட் மட்டும் மங்களமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த அமைதிக்குள், மூலையிலிருந்து ஒரு கைதட்டல்.

“போன வருஷத்துக் கணக்குத் தீந்துச்சு, மாமா” என்றார் விஜயன் சிரித்துக்கொண்டே. திரையிலிருந்து கண்ணை எடுத்த பிறகுதான் கூடத்தின் கோலத்தைப் பார்த்தார். கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு சந்திரகலா பட்டுப்புடவையோடு ஓடி வந்தாள். “அப்பா, யாருக்கு என்ன ஆச்சு?”

 நாகையா இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். புழுதி அடங்கியது. ஒருவர் இறங்கினார். மற்றவரும் இறங்கினார். இருவரும் நடந்தார்கள். உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் வேறொரு அதிர்ச்சி அவரைப் பிடித்தது. சென்னா பிரேக் போடவில்லை. போட்டிருந்தால் வண்டியின் மூக்கு தாழ்ந்திருக்கும். தாழவே இல்லை.

மாரியாயி எழுந்தார்.

“யாரு செத்தா?”

“யாரும் சாகல, தங்கச்சி. டிவியில...”

“டிவியிலயா?” அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு, பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார். “நல்ல காரியத்துல சாவச் சொன்னீங்க. சம்பந்தி கால மிதிச்சீங்க. தட்டு கீழ கெடக்கு. இதுல நீங்க எங்க மூஞ்சியக்கூடப் பாக்கல, டிவியப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க.”

“கை தவறிடுச்சு, கால்...”

“டிவியில எவனோ மோதுனதுக்கே இந்த ஆட்டம். இவர நம்பி எப்படித்தான் பஸ்ல ஏறுறாங்களோ?”

அந்தக் கடைசி வாக்கியம்தான் நாகையாவின் முகத்தை மாற்றியது. அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

ராதாகிருஷ்ணன் “அம்மா, விடுங்க” என்றான். அவர் விடவில்லை. ஜெயராஜ் நொண்டிக்கொண்டே, “வேற ஒரு நாள் பாப்போம், சம்பந்தி” என்றார். சம்பந்தி என்ற சொல் இன்னும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் வள்ளியம்மா சாப்பிட்டுப் போகும்படி கெஞ்சினாள். மாரியாயி ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்தார். யாரும் இலையில் கை நனைக்காமலே வேன்கள் கிளம்பின.

கூடத்தில் மிஞ்சியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார்கள்.

“ஆக்சிடென்ட்தான், மாமா. எடம் இருந்துச்சு, நுழைஞ்சான்.”

“எடம் இல்லடா, விஜயா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியும். அவன் கால் கீழ போகவே இல்ல.” நாகையா தன் வலது காலைக் காட்டினார். “இடிக்கணும்னே போயிருக்கான்டா. அந்த வேகத்துல. பட்டத்துக்காகவா? மனுசன் செய்வானா?”

 வள்ளியம்மா வந்து தொலைக்காட்சியின் ஒயரைப் பிடுங்கினாள். “மனுசன் செய்வானான்னா கேக்குறீங்க? இங்க வந்து பாருங்க, மனுசன் என்ன செஞ்சிருக்காருன்னு.” அவள் காட்டிய திசையில் சந்திரகலா குனிந்து பாக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். நாகையா பக்கத்தில் உட்கார்ந்து அவரும் பொறுக்கினார்.

மறுநாளே பந்திங்குக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். வேண்டாம் என்றாள் மகள். “அவங்க கோவம் சரிதாம்ப்பா. கொஞ்சம் ஆறட்டும்.” அந்த வாரம் முழுக்க நாகையா வண்டியை ஓட்டினார், வந்தார், படுத்தார். மற்ற ஓட்டுநர்கள் சாம்பியன் யார் என்று பேச்சைத் தொடங்கினால் எழுந்து போனார்.

வாரக் கடைசியில், பந்திங் பேருந்து நிலையத்தில், ஏறியவர்களில் ஒருவர் மாரியாயி. கையில் பிளாஸ்டிக் கூடை. ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

நாகையா கண்ணாடியில் பார்த்தார்.  “வாங்க, தங்கச்சி.”

“கிள்ளானுக்குப் போறேன். பருப்பு வாங்கணும்.”

பந்திங் பாசாரில் கிடைக்காத பருப்பு எது என்று நாகையா கேட்கவில்லை. கியரைப் போட்டார். செம்பனைத் தோட்டங்கள் இருபுறமும் நகர்ந்தன. முதுகில் இரண்டு கண்கள் குத்துவதை உணர்ந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் நிறுத்துவதை, கிழவர்கள் உட்காரும்வரை காத்திருப்பதை, அந்தக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

தெலுக் பங்லிமா காராங் ஊரைத் தாண்டியதும், தோட்டத்து மண்பாதையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் புல்லுக்கட்டோடு, இடவலம் பார்க்காமல் சாலைக்குக் குறுக்கே வந்தது. எதிர்ப்பக்கம் செம்பனைப் பழம் ஏற்றிய லோரி. ஒதுங்க இடமில்லை. மாரியாயி முன்கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு கண்ணை மூடினார்.

திறந்தபோது பேருந்து நின்றிருந்தது. புல்லுக்கட்டு முன்கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால். அவர் கூடை மடியிலேயே இருந்தது. யாரும் இருக்கையை விட்டு எழும்பவில்லை. மோட்டார் சைக்கிள்காரர் வெளிறிப்போய்க் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். நாகையா ஒரு வார்த்தை பேசவில்லை. கியரை மாற்றி மெதுவாக எடுத்தார்.

மாரியாயி கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

“அண்ணே.”

“சொல்லுங்க, தங்கச்சி.”

“இப்ப ஒரு சத்தம்கூடப் போடல. அன்னைக்கு மட்டும் ஏன் அப்படிக் கத்துனீங்க?”

நாகையா சாலையைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். “இங்க பிரேக்கு என் காலுக்குக் கீழ இருக்கு. அங்க இல்ல. ஒருத்தன் சாகப் போறான்னு தெரியுது, மிதிக்க எனக்கு ஒண்ணும் இல்ல.”

“அவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

“ஒண்ணும் வேணாம். ரெண்டு பேரும் ஓட்டுறவங்க, அவ்வளவுதான்.” அடுத்த நிறுத்தத்தில் ஆளை ஏற்றிவிட்டு, “சம்பந்தி கால் எப்படி இருக்கு?” என்றார். கேட்டதும் அந்தச் சொல்லைச் சொல்லத் தனக்கு உரிமை உண்டா என்ற பயத்தில் கண்ணாடியைப் பார்த்தார்.

“வீங்கிப் போச்சு. எண்ணெய் போட்டு உருவி விட்டேன். வேலைக்குப் போறாரு.”

பேருந்து கிள்ளானை அடைந்தது. நிலையத்தில் எல்லோரும் இறங்கும்வரை மாரியாயி உட்கார்ந்திருந்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு படியருகே வந்து நின்றார்.

“வர்ற வெள்ளிக்கிழம காலையில நல்ல நேரம் இருக்குன்னு எங்க ஐயரு சொல்றாரு. ராதாகிருஷ்ணன் லீவு போட்டுக்குவான்.”

நாகையா இருக்கையிலிருந்து பாதி எழுந்து நின்றார்.

“ஆனா தட்ட உங்க வீட்டுக்காரம்மா புடிக்கட்டும்” என்றார் மாரியாயி. “நீங்க தள்ளி நில்லுங்க.”

அவர் இறங்கி, பருப்புக் கடைகள் இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், பந்திங்குக்குத் திரும்பும் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்தார். நாகையா ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்தார். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டார்.