‘ஓவர்ரன்’ என்று தட்டிய மனுக்கள்

மனு எழுதுகிறவன் இரண்டைப் பார்க்கவேண்டும்: கேட்டது கிடைக்கவேண்டும், கேட்டதற்காக உதை கிடைக்கக்கூடாது. மனு கொடுத்தே செருப்புத் தேய்ந்தவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

சண்டைக் காலத்தில் மட்டக்களப்பில் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் தட்டச்சு மெஷினோடு குந்தியிருந்தேன். மேலே போகிற கடிதம் இங்கிலிசில் போனால்தான் மதிப்பு. எனக்கு வாய்த்த சொல் ‘ஓவர்ரன்’. ஒரு இடத்துக்குள் கூட்டமாகப் புகுந்தாலும் அதுதான், தவணை தாண்டினாலும் அதுதான். எங்கள் ஊருக்கென்றே செய்த சொல்! தட்டி முடித்ததும் தமிழில் வாசித்துக் காட்டித்தான் ஒப்பம் வாங்குவேன். வில்லங்கம் அங்கேதான் தொடங்கும்.

வயலுக்குள் யானை

கிரானில் நிலபுலமுள்ள போடியார் ஒருவரின் வயல் வட்டைக்குள் யானைகள் புகுந்துவிட்டன. கதிர் பால் பிடிக்கிற நேரம். வெருட்டிச் சுடுவதற்கு இருந்த துவக்கையும் சண்டையைச் சொல்லி அரசாங்கம் முன்னமே வாங்கிவிட்டது. நான் ‘ஓவர்ரன்’ என்று காரமாகத் தட்டி வாசித்தேன். மனிசன் முகம் மலர்ந்துபோனது.

“இன்னும் நல்லா ஏசி எழுதுங்க தம்பி, யானை வந்து விசாரிக்காது.”

பள்ளிக்கூடத்துக்குள் சனம்

செட்டிபாளையம் பக்கத்துப் பள்ளிக்கூட அதிபர் ஒருவர் கக்கூஸ் கட்டித்தரச் சொல்லி மனுக் கேட்டார். இடம்பெயர்ந்த சனம் பள்ளிக்கூடத்தை நிரப்பிவிட்டது என்று யானைக்குப் போட்ட அதே சொல்லைப் போட்டேன். வாசித்ததும் ஆள் பதறிப்போனார்.

“அத வெட்டுங்க ஐசே, அந்தச் சனத்துக்குள்ள என்ட மாமியாரும் இருக்கா.”

தவணை தாண்டிய மகன்

கதிரவெளியிலிருந்து ஒரு தாய் வந்தா. மகனை ஆமிக்காரர் பிடித்து முகாமில் வைத்திருந்தார்கள். மூன்று மாதம் என்று சொன்ன தடுப்பு ஐந்து மாதமாகியும் விடவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. தவணை ‘ஓவர்ரன்’, இது சட்டத்துக்கு மாறு, உடனே விடவேண்டும் என்று ஒரு பக்கம் தட்டினேன். உண்மையைச் சொன்னால், என் இங்கிலிசை நானே மெச்சிக்கொண்டேன்.

வாசித்து முடித்ததும் அந்த மனிசி கடுதாசியை வாங்கி நாலாய் மடித்து என் மெஷினுக்கு அடியில் செருகினா. வேறொன்று அடிக்கச் சொன்னா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவ சொல்லச் சொல்ல அப்படியே தட்டினேன்.

“அவங்கட பிழைய எழுதினா அவனுக்குத்தான் அடி விழும் மனே. இன்னும் கொஞ்ச நாள் வெச்சிருந்தாலும் காரியமில்ல, உசிரோட தாங்க எண்டு மட்டும் எழுதுங்க.”

அதற்குப் பிறகு யாரும் கேட்டால், எனக்கு இங்கிலிசு நல்லாய் வரும், மனு எழுதத்தான் இன்னும் பழகவேண்டும் என்று சொல்லிக்கொள்கிறேன்.