கைதட்டிப் பாடச் சொன்ன வெள்ளிக்கிழமை

பாஸ்டர் வந்திருந்தார். பாஸ்டரின் மனைவி, கையில் டாம்பரினோடு. பதினோராம் மாடி அன்ரி. அவர் சைவம். காலையில் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போவார், பின்னேரம் எங்கள் வீட்டு ஜெபத்துக்கு வருவார். என் மனைவியின் தம்பி, ட்ரக் ஓடுகிறவன். மகள். பிறகு நான்.

மனைவி இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தாள். சீனி வருத்தம். வலது காலில் வந்த புண் ஆறவில்லை, பாதம் கறுத்துவிட்டது. அடுத்த நாள் அந்தக் காலை வெட்டி எடுக்கப்போகிறார்கள். வார்டில் ஏதோ தொற்று என்று பார்க்கப் போகவும் விடவில்லை.

வியாழக்கிழமை ஃபோனில் சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை ஜெபத்தை நிப்பாட்டிப்போடாதேங்கோ. அழுகிற பாட்டு ஒண்டும் வேண்டாம். கைதட்டிப் பாடுங்கோ. ஃபோனைப் பக்கத்தில வையுங்கோ. அதைக் கேட்டுட்டுத்தான் நான் உள்ளுக்குப் போகவேணும்.”

“சரி” என்றேன்.

அவள் கேட்டது அது ஒன்றுதான்.

எனக்கு அந்தக் கிழமை முழுக்க ஒன்றும் தோன்றவில்லை. பாண் ஃபாக்டரிக்குப் போனேன், சுட்டு வந்த பாணை அடுக்கினேன், மோர்னிங்சைட் பஸ்ஸில் திரும்பி வந்தேன். சோற்றில் உப்பு இருந்ததா என்று யாரும் கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். கவலை என்றும் சொல்ல முடியாது. குளிரில் விறைத்த கைபோல இருந்தது.

வெள்ளி பின்னேரம் ஆறரைக்கு அவளுக்கு ஃபோன் எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். எல்லாருக்கும் ஸ்தோத்திரம் சொன்னாள். அன்ரியிடம் முழங்கால் நோவைப் பற்றிக் கேட்டாள்.

“என்ர முழங்காலை விடு பிள்ளை. நீ உன்ர காலைப் பார்” என்றார் அன்ரி.

“அதைப் பாக்கத்தான் டொக்டர் வாறாரே” என்றாள் மனைவி. சிரித்தாள்.

ஃபோனை மேசையில் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பாஸ்டர் தொடங்கினார்.

பாஸ்டரின் மனைவி டாம்பரினைத் தட்டினால் சுவர் அதிரும். மகள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அன்ரிக்குச் சொற்கள் பாதிதான் தெரியும், மீதிக்குக் கையைத் தட்டினார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வாயும் திறக்கவில்லை.

பாட்டு முடிய மைத்துனன் சொன்னான், “அத்தான், கை தட்டினா கரண்ட் பில் ஏறாது. சும்மா தட்டுங்கோ.”

“நீ தட்டு” என்றேன்.

மூன்று பாட்டு. பிறகு எங்கள் வழக்கம், ஒவ்வொருவரும் நன்றிக்கு ஒரு காரியம் சொல்லவேண்டும். மைத்துனன் பனியில் ட்ரக் வழுக்காமல் வந்ததைச் சொன்னான். அன்ரி பேரன் பிறந்ததைச் சொன்னார். மகள், அம்மா நேற்றுச் சிரித்தாள் என்று சொன்னாள். என்னிடம் வந்தது.

“மற்றக் கால் இருக்கு” என்றேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பாஸ்டர் சொன்னார்.

அப்போது மகள் ஃபோனைப் பார்த்தாள்.

“அப்பா. மியூட்ல இருக்கு.”

“என்ன?”

“ஹோல் டைம் மியூட்ல இருந்திருக்கு. அம்மாக்கு ஒண்டும் கேட்டிருக்காது.”

விடியற்காலையில் எங்களுக்கு ஒரு ஜெப லைன் உண்டு. பலபேர் ஃபோனில் சேர்வார்கள். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர்கள் மியூட்டில் இருக்கவேண்டும். ஒருநாள் நான் நித்திரையாகி, என் குறட்டை எல்லாருக்கும் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து மனைவி சொல்லிச் சொல்லி என்னைப் பழக்கிவிட்டாள். ஜெபம் தொடங்கினால் என் விரல் தன்பாட்டில் மியூட்டுக்குப் போகும், மகள் எழும்பாமல் இருக்கச் சத்தத்தையும் குறைத்துவிடும். அன்றைக்கும் போயிருக்கிறது.

மகள் மியூட்டை எடுத்தாள். சத்தத்தைக் கூட்டினாள்.

மனைவி பாடிக்கொண்டிருந்தாள். தனியாக. நாங்கள் முதலில் பாடி முடித்த பாட்டு. கைதட்டும் சத்தமும் கேட்டது.

பாஸ்டரின் மனைவி டாம்பரினை மடியில் அமத்திப் பிடித்திருந்தார்.

“இஞ்சாரும்” என்று கூப்பிட்டேன்.

பாட்டு நின்றது. “ஆ, லைனில நிக்கிறீங்களோ? ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் அழுதுகொண்டு இருக்கிறியள் எண்டு நினைச்சன்.”

“மியூட்டை அமத்திப்போட்டன்.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

“நல்லாப் பழக்கி வச்சிருக்கிறன்” என்றாள். “அப்ப பாடினீங்கள்தானே?”

“அவையள் பாடினவை. நான் பாடேல்லை.”

“ஏன்?”

“வரேல்லை.”

“எனக்கும் பாட்டு வந்து நான் பாடேல்லை” என்றாள். “ஒருத்தரும் பாடேல்லை எண்டுதான் தொடங்கினன். பக்கத்துக் கட்டில் போர்த்துக்கீச மனிசி கை தட்டுறா. அவவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. நேர்ஸ் மருந்தோட வரப்போறா. ஒண்டு பாடுங்கோ, கேட்பம்.”

பாஸ்டர் என்னைப் பார்த்தார். “அண்ணை, நீங்கள் பாட்டை எடுங்கோ.”

எடுத்தேன். என் குரல் கட்டை. சுதி கீழே போய்விட்டது. மைத்துனன் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சேர்ந்தார்கள். மேசையில் தட்டினேன். உள்ளங்கை நொந்ததா என்று தெரியவில்லை. ஃபோனிலிருந்து அவள் குரல் எங்களுக்குக் கொஞ்சம் பிந்தி வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு கை, தாளம் இல்லாமல்.

பாட்டின் இரண்டாவது அடி முடியுமுன் நேர்ஸின் குரல் கேட்டது. லைன் கட்டானது. நாங்கள் முழுப்பாட்டையும் பாடி முடித்தோம். தேத்தண்ணியை மகள் ஊற்றினாள்.

அடுத்த நாள் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். பின்னேரம் ஒரு ஆளை மட்டும் விட்டார்கள். போனேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அதைப் பார்த்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். மயக்கம் முழுதாகத் தெளியவில்லை.

ஒவ்வொரு வெள்ளியும் ஜெபம் முடிய, தேத்தண்ணி ஊற்றுவதற்காகக் குசினியிலிருந்து எத்தனை பேர் என்று கேட்பாள். அதையே கேட்டாள்.

“நேற்று எத்தனை பேர்?”

“ஆறு.”

“பாடினது?”

“ஆறு.”

“என்னை எண்ணினீங்களோ?”

“இல்லை.”

“எண்ணுங்கோ. அந்த மனிசியையும் எண்ணுங்கோ.”

பக்கத்துக் கட்டிலில் அந்த மனிசி வாயைத் திறந்தபடி நித்திரை.

“எட்டு” என்றேன்.