அன்னம்மாளைத் தேடி வேதம் புரட்டிய டொறத்தி

டொறத்தியைத் தெரியாத ஆள் அந்தக் கரையில் இல்லை. கிழமை நாட்களில் மீன் வெட்டி உப்புப் போட்டுக் காயவைக்கிற அதே கைதான் ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கோயிலில் வேதாகமத்தைத் திறக்கும். பதினாலு வயதில் வாசகம் வாசிக்கத் தொடங்கியவள், இருபத்தாறு வருஷமாக அந்த இடத்தை ஒருத்திக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வேதம் முழுக்க அவளுக்குத் தண்ணிபட்ட பாடு என்று ஊர் நம்பியது. ஊர் நம்பினால் நம்பட்டும், அவளுமல்லவா நம்பித் தொலைத்தாள்! கரைச்சல் அங்கேதான் தொடங்கியது.

கலியாணமாகி எட்டு வருஷம் அவளுக்குப் பிள்ளை இல்லை. சிலாபம் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததுதான் மிச்சம். இரண்டாயிரமாம் ஆண்டு ஆவணித் திருநாளுக்கு தலவில அன்னம்மாள் கோயிலுக்குப் போய், மணலில் முழந்தாளிட்டு அழுதாள். அன்னம்மாளும் பிள்ளையில்லாமல் ஊராரிடம் பேச்சு வாங்கியவள், வயதுபோன காலத்தில் மரியாளைப் பெற்றவள், என் வயிற்றெரிச்சல் அவளுக்கு விளங்காமல் வேறு ஆருக்கு விளங்கும் என்று நினைத்துத்தான் அழுதாள். பிள்ளை தந்தால் அதுக்குப் பன்னிரண்டு வயது ஆகும்வரை வருஷா வருஷம் வீட்டிலிருந்து ஆறு மைல் கட்டையும் நடத்திக் கொண்டுவந்து காட்டுவேன் என்று நேர்ந்தாள். அடுத்த ஆவணிக்கு முன்னமே யூஜீனியா பிறந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவறியதில்லை. சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் சென்றியில் மறித்துப் பையைக் கொட்டச் சொன்னபோதும், பிள்ளையை இடுப்பில் வைத்தபடி கொட்டிக் காட்டிவிட்டு நடந்தாள்.

யுத்தம் முடிந்து நாலாம் வருஷம் யூஜீனியாவுக்குப் பன்னிரண்டு. கடைசி நடை. அந்த வருஷம் பார்த்துத்தான் பீற்றருக்கு ஞானம் பிறந்தது.

பீற்றர் அவளுடைய புருஷன். கடலுக்குப் போவான், வந்தால் குடிப்பான். முந்தல் பக்கம், மாதாவையும் புனிதர்களையும் கும்பிடாத ஒரு செபவீட்டுக்குக் கூட்டாளி ஒருவன் இழுத்துக்கொண்டு போனதிலிருந்து எட்டு மாதமாகச் சாராயத்தைத் தொடவில்லை. அதனால் அந்தச் செபவீட்டை டொறத்தியால் ஏசவும் முடியவில்லை. அங்கே சொல்லிக்கொடுத்ததைத்தான் ஒருநாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னான்.

"அன்னம்மாள் எண்டு மாதாட தாய் ஒருத்தி வேதத்தில எங்க இருக்கிறா? காட்டு. காட்டினா நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறன்."

டொறத்திக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தாறு வருஷம் வாசித்தவளிடமா இந்தக் கதை! நாளைக்கே காட்டுகிறேன் என்றாள். அடுத்த நாள் நாலு சுவிசேஷத்திலும் தேடினாள், இல்லை. திரும்பவும் தேடினாள். மூன்றாம் நாள் லூக்காவில் அன்னா என்ற பேர் கண்ணில் பட்டது. கோயிலில் நிற்கிற கிழவி, குழந்தை இயேசுவைக் கண்டு கடவுளைப் புகழ்கிறாள். பேரப்பிள்ளையைக் காணத்தானே வந்திருக்கிறாள், வேறெதற்கு? டொறத்தி கருவாட்டுப் பாயை அப்படியே போட்டுவிட்டு, புத்தகத்தோடு வள்ளத்தடிக்கு ஓடினாள்.

பீற்றர் வலையைக் கீழே வைத்துவிட்டு எழுத்துக்கூட்டி வாசித்தான். அவன் ஏளனமாகச் சிரித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். பாவம் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இது பானுவேல் என்ற ஒருவருடைய மகள், எண்பத்துநாலு வயது விதவை, மாதாவுக்குத் தாய் என்று ஒரு சொல்லும் இல்லையே என்றான். அவன் சொன்னது சரி. அந்தப் பகுதியைக் கோயிலில் எத்தனையோ தரம் தன் வாயாலேயே வாசித்திருக்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் காகங்கள் பாதிப் பாயைக் காலி பண்ணியிருந்தன.

அதோடு விட்டாளா? பழைய ஏற்பாட்டில் இன்னொரு அன்னா அகப்பட்டாள். அவள் பிள்ளையில்லாமல் அழுது, நேர்ந்து, பெற்ற பிள்ளையைக் கோயிலுக்கே கொடுத்தவள். கதை அச்சொட்டாக அன்னம்மாளின் கதைதான், ஆனால் பிள்ளை சாமுவேல். இரண்டு அன்னா இருக்க, அவளுடைய அன்னம்மாள் மட்டும் இல்லை. அப்படியென்றால் மணலில் முழந்தாளிட்டு அழுதது ஆரிடம்? இல்லாத ஒருத்தியிடமா? இல்லாதவள் எப்படிப் பிள்ளை தருவாள்? இருப்பவளாக இருந்து, கடைசி வருஷத்தில் கடனை முறித்தால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடாதா? யூஜீனியா தும்மினாலும் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பங்குச் சாமியாரிடம் போனாள். அவர் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார். அன்னம்மாளின் கதை வேதத்தில் சேர்க்காமல் விட்ட பழைய எழுத்து ஒன்றிலிருந்து வந்தது. ஆண்டவரின் உறவினர் யாக்கோபு எழுதியதாக அதில் இருக்கிறது, அவர் எழுதவில்லை என்றுதான் படித்தவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் ஆதிகாலம் தொட்டுச் சனம் அதை நம்பி வந்திருக்கிறது, திருச்சபையும் திருநாள் கொண்டாடுகிறது.

"அப்ப ஆரோ ஒராள் கள்ளப் பேரில எழுதினதையா சாமி நான் நம்பினன்?"

அந்தக் காலத்தில் பெரியவர்கள் பேரைப் போட்டு எழுதுவது வழக்கம், எல்லாவற்றையும் கள்ளம் என்று தள்ளவும் முடியாது, மெய் என்று சாதிக்கவும் முடியாது என்றார் அவர். ஓம் சாமி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்த டொறத்திக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒன்றில் உண்டு என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். இப்படி நடுக்கடலில் விட்டால் மனுசி என்ன செய்வாள்?

வருகிற வழியில் றஹ்மத் உம்மாவின் வளவு. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தைத் துரத்தியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவ, டொறத்தியிடம் கருவாடு வாங்கி விற்கிறவ. டொறத்தி உள்ளே போய் அன்னம்மாளைப் பற்றிக் கேட்டதும் அவவுக்கு ஆச்சரியம். மர்யமுடைய, அதுதான் உங்கட மரியாளுடைய, உம்மாவின் கதை எங்கட குர்ஆனிலேயே இருக்கிறதே என்றா. வயிற்றில் இருக்கும்போதே பிள்ளையை அல்லாஹ்வுக்கு நேர்ந்தவ, பெண்பிள்ளை பிறந்தது என்று சொல்லக் கேட்டதும் டொறத்திக்குக் கண் விரிந்தது. பேர் என்ன என்று அவசரமாகக் கேட்டாள். இம்றானுடைய பெண்சாதி என்றுதான் இருக்கிறது, பேர் இல்லை, ஹன்னா என்று ஓதிப் படித்த ஹஸ்ரத்மார் சொல்வார்கள் என்றா. இங்கே அன்னம்மாளின் புருஷன் சுவக்கீன், அங்கே இம்றான்! டொறத்தி கதிரையில் சாய்ந்துவிட்டாள்.

றஹ்மத் உம்மா தேத்தண்ணியை அவள் கையில் வைத்தா.

"என்ர உம்மாட பேரு இப்ப ஒரு கடதாசியிலயும் இல்ல புள்ள. எல்லாம் மன்னாரிலயே போயிட்டு. அதுக்காக என்ன அவ பெறாமப் போனாவா?"

டொறத்தி அழுதுவிட்டாள். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போதே சந்தேகமும் கூட நடந்து வந்தது. மரியாளுக்கு ஒரு தாய் இருந்திருப்பா, சரி. அவவுக்கு அன்னம்மாள் என்றுதான் பேரா? அவ பிள்ளையில்லாமல் அழுதது மெய்யா? அழாதவளாக இருந்தால் என் அழுகை அவவுக்கு எப்படி விளங்கியிருக்கும்? இதையெல்லாம் போய்க் கேட்க அவளுக்கு ஒரு ஆளும் மிச்சமில்லை.

திருநாளன்று விடிய, ஒரு முடிவும் எடுக்காமலேதான் பிள்ளைக்குத் தலை பின்னினாள். பின்னி முடிய இரண்டு பேரும் றோட்டில் நின்றார்கள். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், பீற்றர் தண்ணிப் போத்தலோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறான். வெயில், பிள்ளைக்குத் தண்ணி வேணும், வேறொன்றும் இல்லை என்றான். கோயில் வளவுக்குள் வராமல் வெளியே ஒரு மரத்தடியில் நின்றுகொண்டான்.

உள்ளே சனம் நெருக்கியடித்தது. வருஷா வருஷம் டொறத்தி சொல்கிற சொல் ஒன்றுதான்: அன்னம்மா, நீ தந்த பிள்ளையைக் கொண்டுவந்திருக்கிறன். இந்த முறை வாயைத் திறந்தாள், பேர் வரவில்லை. பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தது. பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். டொறத்தி யூஜீனியாவின் இரண்டு தோளையும் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"மரியாட அம்மா, உங்கட பேர் எனக்குச் சரியாத் தெரியாது. பிள்ளைக்குப் பன்னிரண்டு முடிஞ்சுது. பாருங்கோ."

வெளியே வந்ததும் பீற்றர் போத்தலைப் பிள்ளையிடம் நீட்டினான். மணலைப் பார்த்துக்கொண்டு, நீ சொன்னதை அவ கேட்டாவா என்று மெதுவாகக் கேட்டான். சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே அறியத்தான் கேட்டான்.

"தெரியாது," என்றாள் டொறத்தி. "நான் சொல்லிப்போட்டன்."