போகிறவள் அந்தப் பக்கம்

தம்பி மகள் போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு வருடமாக இறகுப்பந்துப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த பெண். சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினாள். "அவ்ளோதான் அத்தை, கோச்சிங்க நிறுத்தியாச்சு" என்றாள். கோச்சிடம் சொன்னாயா என்று கேட்டேன். "குரூப்ல இருந்து வெளிய வந்துட்டேன்ல? அவரே தெரிஞ்சுக்குவாரு" என்று சொல்லிவிட்டு முறுக்கு டப்பாவைத் திறந்தாள். இந்த ஒரு காரியத்துக்காக நான் ஐந்து நாள் சோறு இறங்காமல் தவித்திருக்கிறேன். சரி, சோறு இறங்கவில்லை என்பது கொஞ்சம் மிகை. இறங்கியது, ருசிக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மொரப்பூரில் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியின் பெண்கள் பூப்பந்து அணியில் ஐந்து பேரில் நானும் ஒருத்தி. பூப்பந்து என்றால் இறகுப்பந்து என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இது மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த பந்து, கைக்குள் அடங்கும். மண் தரையில், திறந்த வெளியில், பக்கத்துக்கு ஐந்து பேர் நின்று கீழே விழாமல் அடிக்க வேண்டும். தூறல் விழுந்துவிட்டால் கம்பளி ஈரத்தைக் குடித்துக் கனத்துப்போகும், நனைந்த ஆட்டின் வாடை அடிக்கும். இப்போதும் யாராவது ஈர ஸ்வெட்டரைக் கொடியில் போட்டால் என் வலது கை தானாக ஒரு சுழற்றுச் சுழற்றப் பார்க்கும். பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் வசந்தா மிஸ். பொம்மிடியிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவார். வயது இருபத்தாறோ இருபத்தேழோ. ஆள் குள்ளம். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அது எதற்கென்று எங்களுக்குப் புரிந்ததே இல்லை, அவர் குரலே ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும். "கைய ஏன்டி காலண்டர் மாதிரி தொங்கவுட்டிருக்கற?" என்று ஒரு சத்தம் போட்டால் ரோட்டில் போகிற சைக்கிள்காரர்கூட ஒரு கையைத் தூக்கிவிடுவார்.

மிஸ்ஸிடம் ஒரு சட்டம் இருந்தது. அது வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருடம் கனகா என்று ஓர் அக்கா அணியில் இருந்தாள். அரூரில் போட்டி நடப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் வந்து, "மிஸ், எனக்கு நாளைக்கு நிச்சயதார்த்தங்க" என்றாள். எங்களோடு ஆடிப் பழகாத ஒரு பெண்ணை அவசரத்துக்கு நிறுத்தி, நாங்கள் தோற்ற தோல்வியை என்னவென்று சொல்ல. அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே மிஸ் சட்டம் போட்டார். "இனிமே எவ போறதா இருந்தாலும், போறேன்னு சொன்ன அன்னிலிருந்து அந்தப் பக்கம்." அதாவது, அன்று முதல் அவள் எங்கள் எதிரில் நின்று ஆடும் இரண்டாம் அணிக்குப் போய்விட வேண்டும். அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்து பழக வேண்டும். போட்டியிலும் போகிறவளுக்கு இடம் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை அப்பா சந்தோஷமாக வீட்டுக்குள் வந்தார். ஒசூரில் ஒரு கம்பெனியில் அவருக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்திருந்தது. இரண்டு ஏக்கர் கேழ்வரகையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். "மாசம் பொறந்தா சம்பளம். அடுத்த புதன் இல்ல, அதுக்கடுத்த புதன் வூட்ட காலி பண்ணிடலாம்" என்றார். அம்மா உடனே மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். நான் மனதுக்குள் நாள்காட்டியைப் புரட்டினேன். அரூர் போட்டி அதற்கு முந்தைய சனிக்கிழமை.

இப்போது கணக்கு உங்களுக்கும் புரிந்திருக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அரூரில் ஆடலாம். ஜெயித்தால் கோப்பையைத் தொடலாம். ஆனால் ஜெயிக்கிற அணி பதினைந்து நாளில் தர்மபுரிக்கு மாவட்டப் போட்டிக்குப் போகும். அப்போது என் இடத்தில் ஓர் ஓட்டை இருக்கும். இப்போதே சொன்னால் ஓட்டையை அடைக்க நாள் இருக்கிறது. ஆனால் இரண்டு வருடம் வெயிலில் காய்ந்ததற்கு, அரூரில் நான் தண்ணீர்க் குடத்துக்குக் காவல்.

கேப்டன் சகாயமேரியிடம் ரகசியமாகக் கேட்டேன். "லூசாடி நீ? கப்ப வாங்கிட்டு அப்பறம் சொல்லு" என்றாள். அம்மாவிடம் கேட்டேன். "சோறு போட்டவங்ககிட்ட சொல்லாம எலைய மடிப்பியா? மொதல்ல சொல்லிடு" என்றாள். ஒன்றுக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டேன். தங்கையைக் கிள்ளியது, ஜெபத்தில் தூங்கியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இதையும் சொன்னேன். பங்குச் சாமியார் மெல்லக் கேட்டார். "நீ எந்த எடத்துல ஆடறம்மா?" சென்டர் என்றேன், ஐந்து பேருக்கும் நடுவில் நிற்கிற இடம். "அட, சென்டரா!" என்று அவர் விட்ட பெருமூச்சில் திரைச்சீலை ஆடியது. அவரும் சாமியாருக்குப் படித்த குருமடத்தில் பூப்பந்து ஆடியவராம். மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். மிஸ்ஸிடம் எப்போது சொல்வது என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

திங்கட்கிழமை பயிற்சி முடிந்து வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மாதம்மா பக்கத்தில் வந்து நின்றாள். சித்தேரி மலைப் பெண், ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது படித்தாள். இடதுகைக்காரி. இரண்டாம் அணியில் அவள் அடிக்கிற அடியை எடுக்க எங்களுக்கு நாக்குத் தள்ளும். "யக்கா, சென்டர்ல எங்க நிக்கறதுன்னு எனக்குக் கொஞ்சம் காட்டறீங்களா? இந்த வருசம் இல்லைங்க, நீங்க முடிச்சுட்டுப் போனப்பறம்" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சும்மாதான் கேட்டாள். எனக்குத்தான் திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆயிற்று.

அன்று மிஸ்ஸோடு ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். வழியெல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடினேன். "என்னடி, மீன் மாதிரி?" என்றார் மிஸ். பாசஞ்சர் வந்தது, ஏறினார். உண்மையைச் சொன்னால், நான் காத்திருந்ததே அதற்குத்தான். ரயில் நகரட்டும், சொல்லிவிட்டு ஓடிவிடலாம், மறுநாள் காலைக்குள் கோபம் ஆறிவிடும் என்று ஒரு கோழைத்தனமான திட்டம். ரயில் நகர்ந்தது. "மிஸ்! நாங்க ஒசூருக்குக் குடி போறோங்க! அப்பாவுக்கு வேல கெடச்சிருக்குது!" என்று கத்தினேன். கதவோரம் நின்ற மிஸ்ஸின் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு அந்தக் குரல் பிளாட்பாரம் முழுக்க வந்தது. "நல்லாருக்கட்டும் அப்பா! நாளைலருந்து நீ அந்தப் பக்கம்!"

அந்த நான்கு நாள்களைப் போல நான் அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. தோற்றால் தோற்றுப் போகிறேன் என்று ஆகிவிட்டால் கைக்கு எப்படி ஒரு சுதந்திரம் வருகிறது! எங்கள் அணியின் ஓட்டை ஒடிசல் எல்லாம் எனக்கு அத்துப்படி. சகாயமேரிக்கு இடது தோளுக்கு மேலே வரும் பந்து ஆகாது. அங்கேயே போட்டேன். "ஏய், நீ எங்க ஆளாடி, எதிரியாடி?" என்று அவள் மட்டையைத் தூக்கிக்கொண்டு என்னைத் துரத்தினாள். வலைக்கு அந்தப்புறம் சென்டரில் மாதம்மா. ஆட்டத்தை நடுநடுவே நிறுத்தி, நான் எங்கே நிற்பேன், எப்போது முன்னால் வருவேன் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொண்டாள். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

சனிக்கிழமை அரூரில் குடத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன். மனதின் ஒரு மூலை, இவர்கள் தோற்கட்டும், நான் இல்லாத குறை தெரியட்டும் என்று வேண்டிக்கொண்டது. மூன்றாவது ஆட்டம் இருபத்தாறுக்கு இருபத்தாறு என்று நின்றபோது அந்த மூலையைக் காணவில்லை. குடம் உருண்டு ஓடியது தெரியாமல் கத்திக்கொண்டிருந்தேன். ஜெயித்தோம். கோப்பையை முதலில் தூக்கியவள் மாதம்மா. இரண்டாவது என் கையில்தான் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை என் கடைசிச் சாயங்காலம். இரண்டாம் அணியில் ஒரு பெண் காய்ச்சல் என்று வரவில்லை. மிஸ் புடவையை இழுத்துச் செருகினார், ஒரு மட்டையைப் பிடுங்கிக்கொண்டு அந்தப் பக்கம், என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் ஆடி நாங்கள் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது, எங்களை அந்தப் பாடு படுத்தியவருக்குப் பின்கையால் பந்தடிக்க வரவே வராது! "கைய காலண்டர் மாதிரி தொங்கவுடாதீங்க மிஸ்!" என்று எதிரிலிருந்து சகாயமேரி கத்த, மிஸ்ஸே சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாசஞ்சர் வந்து நின்று போகிற சத்தம் கேட்டது. "போவுட்டும், அடுத்த வண்டி இருக்குது" என்றார்.

ஒசூரில் நான் சேர்ந்த பள்ளியில் பூப்பந்து இல்லை. மிஸ்ஸுக்கு எழுதிய கடிதங்களில் இரண்டுக்குப் பதில் வந்தது, மூன்றாவது திரும்பி வந்தது. மாற்றலாகிப் போயிருந்தார். போன வருடம் மொரப்பூர் வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். நாங்கள் சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. அந்த மஞ்சள் பந்தைப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் விவரித்துக் காட்டினேன். பாவம், மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

அந்தச் சாயங்காலத்தின் கடைசிப் பந்து மட்டும் அப்படியே இருக்கிறது. "நீ எடு, நீ எடு!" என்று மிஸ் கத்துகிறார். மாதம்மா இடது கையை ஓங்கிக்கொண்டு வந்தவள், அடிக்காமல், வலைக்கு இந்தப் பக்கம் பந்தை மெல்லத் தட்டிவிட்டாள். விழுந்தடித்து ஓடினேன். எட்டவில்லை. பந்து மண்ணில் விழுந்தது. "யக்கா, சரியா நின்னேனுங்களா?" என்று அவள் கேட்டாள். சரியாகத்தான் நின்றிருந்தாள், நான் நிற்கிற இடத்தில். முழங்காலில் மண்ணோடு எழுந்து நின்று நானே கை தட்டினேன். அதற்குப் பிறகு நான் மட்டையைத் தொடவில்லை.